சுற்றளவு முடிந்து பரப்பளவு தொடங்குவதற்குள்

ஆறாம் வகுப்புப் படத்தைப் போன வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டீர்கள். அடியில் வரிசையாக இதயங்கள். "அந்த நாள் திரும்ப வருமா" என்று ஒருத்தி, "பசுமையான நினைவுகள்" என்று ஒருவன். நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. கோபமா என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டீர்கள். கோபம் எல்லாம் இல்லை, அருவருப்பு. எல்லாரும் தலைக்குச் சாயம் பூசுகிற வயதுக்கு வந்துவிட்டோம், இனிமேல் எதை யாரிடம் ஒளிப்பது? சொல்லிவிடுகிறேன்.

படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டாவது வரிசையில் எண்ணெய் வழிகிற முகத்தோடு நிற்கிறேன். நெஞ்சோடு அணைத்திருப்பது ஜாமென்ட்ரி பாக்ஸ். மஞ்சள் தகர டப்பா. உள்ளே கவராயம், பாகைமானி, இரண்டு மூலைமட்டம், ஒரு குட்டி ஸ்கேல். திறந்தால் புது ரப்பர் வாசனை வரும். வகுப்பில் வேறு யாரிடமும் அப்போது கிடையாது. வட்டம் போட என்னிடம்தான் வரிசையில் நின்றீர்கள். நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, முனையை ஒடித்துவிடாதீர்கள் என்று பத்து தடவை சொல்லித்தான் தருவேன். அந்த டப்பா என் கைக்கு எப்படி வந்தது என்று நீங்கள் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அப்போது பெருமையாகத்தான் சொல்லியிருப்பேன்.

நம் ஊரைச் சுற்றிக் கம்பெனிகளுக்காக நிலம் எடுத்த வருஷம் அது. ஒரகடம் ரோட்டிலிருந்து ஏரிக்கரை வரைக்கும் பொக்லைன் ஓடியது. சோற்றில் புழுதி நறநறவென்று கடிபட்டது. வெள்ளைத் துணி காயப்போட்டால் செம்மண் நிறத்தில் எடுத்துக்கொண்டு வந்தோம். அதை "ஊர் முன்னேறிய காலம்" என்று குழுவில் எழுதுகிறீர்கள், எழுதுங்கள். எனக்கு நினைவில் நிற்பது டீசல் நாற்றமும், வெட்டிப் போட்ட வேப்பமரங்களுக்குப் பின்னால் லாரிக்காரர்கள் ஒதுங்கிவிட்டுப் போனதை மிதித்துக்கொண்டு நாம் பள்ளிக்கூடம் போனதும்தான்.

கணக்கு டீச்சர் தாம்பரத்திலிருந்து மணிமங்கலம் வழியாக வருகிற பஸ்ஸில் வருவார். நம் ஊரில் இறங்கினதும் மூக்குக்குப் போகிற கைக்குட்டை, மாலையில் பஸ் ஏறுகிறவரை இறங்காது. அந்தப் பருவத்தில் முதல் பாடம் கோடுகளின் வகைகள். கிடைக்கோடு, செங்குத்துக்கோடு, வெட்டும் கோடு, இணைகோடு. இணைகோட்டுக்கு அவர் ஜன்னல் கம்பியையே காட்டியிருக்கலாம். காட்டவில்லை. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினார். புது ரோடு போடுவதற்காகச் சுண்ணாம்பால் இரண்டு நீளக் கோடு இழுத்திருந்தார்கள். அது நம் வகுப்புப் பையன் ஒருவனுடைய வேர்க்கடலைக் கொல்லைக்கு நடுவே போனது. டீச்சர் அவனைத்தான் எழுப்பினார்.

"அது என்ன கோடு, சொல்லு பார்க்கலாம்."

"இணைகோடு டீச்சர்."

"ஏன்?"

"எம்மாம் தூரம் போனாலும் ஒண்ணோட ஒண்ணு சேராது டீச்சர்."

நாம் கை தட்டினோம். அந்த வாரம்தான் அவன் வீட்டில் காய் முற்றாத செடியைப் பிடுங்கி மாட்டுக்குப் போட்டிருந்தார்கள். டீச்சர் கெட்டவர் இல்லை. அவருக்கு அது சுண்ணாம்புக் கோடு, அவ்வளவுதான். நமக்கு அது என்ன கோடு என்று தெரியும். தெரிந்துகொண்டே தட்டினோம்.

அடுத்த பாடம் சுற்றளவு. டீச்சர் ஒரு சணல் கயிற்றைக் கொடுத்து நம்மை மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டார். எந்த வடிவமாக இருந்தாலும் புறப்பட்ட இடத்துக்கே சுற்றி வந்து சேர்ந்தால் அந்தத் தூரம்தான் சுற்றளவு என்றார். அந்தப் பாடம் எனக்குச் சர்க்கரையாக இனித்தது. வீட்டில் அகப்பட்டதையெல்லாம் அளந்தேன். பாய், முறம், கழுநீர்த் தொட்டி, படுத்திருந்த மாடு. பரீட்சையில் முழு மதிப்பெண் வாங்கியதும் டீச்சர் என் நோட்டைத் தூக்கிக் காட்டினார். அன்று என் தலை கூரையில் இடித்திருக்கும்.

இனி எங்கள் வீட்டு விஷயம். எங்கள் நிலமும் எல்லார் நிலத்தோடும் போய்விட்டது. மிச்சம் இருந்தது குடியிருந்த மனை மட்டும். அதில் இருந்த ஓட்டு வீட்டில் இரண்டு குடும்பம், நாங்களும் பெரியப்பா குடும்பமும். பெரியப்பா அப்பாவுக்கு அண்ணன், கொத்தனார் மேஸ்திரி. அப்பா அவரிடமே கையாளாகப் போய்வந்துகொண்டிருந்தார். பெரியப்பா எதிரில் வந்தால் அப்பாவின் தோள் துண்டு தானாகக் கைக்கு இறங்கிவிடும், பார்வை தரைக்குப் போய்விடும். ஓட்டு வீட்டை இடித்து, மனையைப் பிரித்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு வீடு கட்டுவது என்று முடிவானது.

மனையின் வடிவத்தைச் சொல்லிவிடுகிறேன். தெருவைப் பார்த்து நல்ல சதுரமாக ஒரு பாகம். அதை ஒட்டியே, தெருவில் தொடங்கிப் பின்னால் கால்வாய்வரை போகிற ஒல்லியான நீளத் துண்டு ஒன்று. சதுரம் எனக்கு, நீளம் தம்பிக்கு என்று பெரியப்பாவே பிரித்தார். அப்பா சரி என்று தலையை ஆட்டினார். அம்மா ஆட்டவில்லை.

அம்மாவிடம் இரண்டு கறவை மாடு இருந்தது. நிலம் போன பிறகு எங்கள் வீட்டில் உலை கொதித்தது அந்தப் பாலில்தான். கட்டட வேலைக்கு வந்த ஆட்களுக்காக ரோட்டோரம் முளைத்த டீக்கடைகளுக்கெல்லாம் அவள் பால்தான் போனது. மாட்டைக் கட்ட, வைக்கோல் போட, சாணி கொட்ட, கன்று துள்ள இடம் வேண்டும். இடம் போனால் மாடு போகும். மாடு போனால் யாரோ ஒருவன் மணியடிக்கிற நேரத்துக்கு எழுந்து ஓடி, அவன் சொல்கிற வேலையைச் செய்ய வேண்டும். அவள் பயந்தது அந்த ஒன்றுக்குத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியப்பா முளைக்குச்சிகளோடு வந்தார். வாய் நிறைய வெற்றிலை. பேசினால் எதிரே நிற்பவர் மேல் சிவப்பாகத் தெறிக்கும். அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நீளத் துண்டின் நடுவில் நின்றாள்.

"இது பாக்கறதுக்கே கம்மியா கீது மாமா. மாடு படுத்தா திரும்ப எடம் எங்க?"

"ஒல்லியா கீதுன்னு பாக்கறியே, நீளம் எங்க போவுதுன்னு பாரு. கால்வா வரைக்கும் உன்துதான்."

"நீங்க சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். இவரு சொன்னாலும் ஒத்துக்க மாட்டேன். ரெண்டு பேரும் ஒரே வாய்."

பெரியப்பா முகம் கறுத்தது. அப்போது அப்பா தொண்டையைக் கனைத்தார். "பாப்பாவே அளக்கட்டும். ஸ்கூல்ல அதான் அளந்துகினு கீது."

அம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் இன்றுவரை மறக்கவில்லை. அவள் பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காதவள். என் நோட்டில் டீச்சர் போட்ட சிவப்பு 'சரி'யை விரலால் தடவிப் பார்க்கிறவள். "அது அளந்து சொன்னா எனக்குச் சம்மதம்" என்று ஒதுங்கி நின்றாள்.

நான் கிணற்றுக் கயிற்றையும் மாட்டுக் கயிற்றையும் முடிச்சுப் போட்டு நீளமாக்கினேன். முதலில் சதுரம். நாலு முளையையும் சுற்றி வந்து, கயிறு சேர்ந்த இடத்தில் ஒரு முடிச்சு. பிறகு அதே கயிற்றை நீளத் துண்டைச் சுற்றிப் போட்டேன். முடிச்சுக்கு முன்னாலேயே சுற்று முடிந்து, கயிறு மிச்சம் தொங்கியது.

"மிச்சம் கீதா? அப்போ பின்னால போ பாப்பா, இன்னும் போ. தம்பிக்கு உடறதுல எனக்கு இன்னா கஞ்சத்தனம்?" என்று பெரியப்பா கடைசி இரண்டு முளைகளையும் தானே பிடுங்கி, கால்வாயைப் பார்த்துத் தள்ளித் தள்ளி நட்டார். என் கால் கணுக்கால்வரை கறுப்புச் சேற்றில் இறங்கியது. அழுகிய கோழி இறகு விரலிடுக்கில் ஒட்டியது. கயிற்றின் முனை சரியாக முடிச்சோடு வந்து சேர்ந்தது.

"ரெண்டும் ஒண்ணும்மா. சுற்றளவு சமம்."

"நல்லா பாத்தியா?"

"டீச்சர் இப்படித்தாம்மா சொல்லிக் குடுத்தாங்க."

"அப்போ சரி" என்றாள். போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள். அந்த வாரமே பத்திரத்தில் கையெழுத்து ஆனது.

மறுநாள் பெரியப்பா ஸ்ரீபெரும்புதூர் போய்த் திரும்பும்போது அந்த மஞ்சள் டப்பாவை வாங்கிக்கொண்டு வந்தார். என் கன்னத்தைக் கிள்ளி, "கணக்குல புலி" என்றார். வெற்றிலை எச்சில் என் நெற்றியில் தெறித்தது, துடைத்துக்கொண்டு சிரித்தேன். ஒரு மேஸ்திரி, நாள் பூராவும் சதுர அடிக் கணக்கில் தரை போடுகிறவர், கயிற்றைச் சுற்றிப் பார்த்துச் சமம் என்று ஒத்துக்கொண்டார் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அந்த வாரம்தான் போட்டோக்காரர் வந்தார். நீங்கள் இதயம் போட்டிருப்பது அந்த முகத்துக்குத்தான்.

இரண்டு வாரம் கழித்து டீச்சர் அடுத்த பாடத்தைத் தொடங்கினார். கரும்பலகையில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டார். அதில் நாலுக்கு நாலு ஒரு சதுரம். பக்கத்தில் ஏழுக்கு ஒன்று என்று ஒரு நீளம்.

"ரெண்டுக்கும் சுற்றளவு என்ன?"

"பதினாறு டீச்சர்" என்று எல்லாருக்கும் முன்னால் கத்தியது நான்தான்.

"உள்ளே இருக்கிற கட்டத்தை எண்ணுங்க."

ஒன்றில் பதினாறு. இன்னொன்றில் ஏழு. நான் மறுபடியும் எண்ணினேன். ஏழுதான்.

"சுற்றளவு சமமா இருந்தா பரப்பளவும் சமமா இருக்கும்னு நினைச்சுக்காதீங்க. எல்லாரும் இங்கேதான் தப்பு பண்ணுவாங்க. பரீட்சையில கட்டாயம் வரும், குறிச்சுக்குங்க."

நான் குறித்துக்கொள்ளவில்லை. பெஞ்சின் மேலேயே வாந்தி எடுத்தேன். அது உங்களுக்கு நினைவிருக்கும், மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினீர்களே. அன்றைக்குச் சத்துணவில் முட்டை. முட்டை கெட்டுப்போய்விட்டது என்று தலைமையாசிரியர் சமையல்கார அம்மாவை எல்லார் எதிரிலும் நிற்கவைத்துத் திட்டினார். அந்த அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதது. அது நல்ல முட்டை. நான் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். கடைக்கால் தோண்டியாகிவிட்டது. பள்ளத்துக்குள் அப்பா மட்டும் இருந்தார்.

"அப்பா, நான் தப்பா அளந்துட்டேன். நம்பளது கம்மி. ரொம்பக் கம்மி."

அப்பா மண்வெட்டியை நிறுத்தினார். மேலே ஏறி வந்து என் தலையைத் தடவினார். "அம்மாகிட்ட சொல்லாத. தெரிஞ்சா உன்ன கொன்னுடும். நான் பாத்துக்கறேன்."

என்னைக் காப்பாற்ற இந்த உலகத்தில் ஒருவர் இருக்கிறார் என்று நினைத்தேன். அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். பிறகு டப்பாவைக் கொண்டுபோய்க் கால்வாயில் எறிந்தேன். அது எங்கே என்று பெரியப்பா கேட்டபோது தொலைந்துவிட்டது என்றேன். அண்ணன் ஆசையாக வாங்கிக் கொடுத்ததைத் தொலைத்துவிட்டாயா என்று அப்பா முதுகில் ஒன்று வைத்தார். அதையும் நான் பாசத்தில்தான் சேர்த்துக்கொண்டேன்.

அம்மாவிடம் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சுவர் எழுந்ததும் அவளே பார்த்துவிட்டாள். மாடு கட்ட மிஞ்சியது சுவருக்கும் கால்வாய்க்கும் நடுவே இருந்த ஒரு சந்து. ஐப்பசி மழையில் பெரிய மாடு சறுக்கிக் கால்வாயில் விழுந்தது. கோழிக்கடைக் கழிவு, லாரி ஷெட்டுகளிலிருந்து வருகிற கறுப்பு எண்ணெய், ஊர்ச் சாக்கடை எல்லாம் அதில்தான் போகும். நானும் அவளும் இடுப்பளவு இறங்கி இழுத்தோம். மாடு வந்தது. ஆனால் மடியில் சீழ் பிடித்துவிட்டது. பீச்சினால் பாலோடு ரத்தமும் சீழும் வந்தது. அந்த நாற்றம் எங்கள் வீட்டில் ஒரு மாதம் இருந்தது. அந்த மாட்டையும், பின்னாலேயே மற்றதையும் கொடுத்துவிட்டோம்.

அடுத்த தையில் அம்மா கம்பெனி பஸ் ஏறினாள். ஹவுஸ்கீப்பிங். மூன்று ஷிப்டு ஆட்கள் போய்வருகிற கக்கூஸ் அவள் பொறுப்பு. சாயங்காலம் வந்து சோறு பிசைந்தால் சோற்றில் பினாயில் வாசனை அடிக்கும். நான் மூக்கைச் சுளித்தேன். என் அருவருப்பில் கேவலமானது அதுதான், அதையும் எழுதித்தான் ஆக வேண்டும். ஒரு நாள் அதை அவள் பார்த்துவிட்டாள். இத்தனை அடித் தரைக்கு இவ்வளவு பினாயில் போதும் என்று நான் ஏதோ கணக்குச் சொல்லிச் சமாளிக்கப் பார்த்தபோது அவள் சொன்னாள்: "போதும், நீ அளந்தது."

அடித்திருந்தால் வலி போயிருக்கும். அது போகவில்லை. சவடால் பேசுவதையும் நம் பக்கம் அளக்கிறது என்றுதானே சொல்வோம்? அது அவளுக்கு வசதியாகப் போயிற்று. பிறகு நான் எது சொன்னாலும் அதுதான் பதில். மேலே படிக்கிறேன் என்றேன். நீ அளந்தது போதும். இந்த மாப்பிள்ளை வேண்டாம் என்றேன். அதற்கும் அதே. அவனைக் கட்டிக்கொண்டு போய், வருஷம் திரும்புவதற்குள் இதே வீட்டுக்குத் திரும்பி வந்தேன். நான் படிப்பை விட்டு, கார்களுக்கு வயர் கட்டுகிற கம்பெனியில் சேர்ந்து, டீச்சர் சொல்லித்தராத ஒரே கோட்டில், உற்பத்தி லைனில், பதினெட்டு வருஷம் நின்றேன். பக்கத்துச் சதுரத்தில் பெரியப்பா வடக்கத்தி ஆட்களுக்கு வாடகை விட இரண்டு வரிசை அறை கட்டினார். எங்கள் வீட்டில் மூன்று பேர் படுத்தாலே ஒருவர் கால் இன்னொருவர் தலையில் இடித்தது. அம்மாவின் மார்பில் கட்டி வந்தபோது, செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் காட்டிவிடலாம் என்று நான் கெஞ்சினேன். நீ அளந்தது போதும் என்று சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கடைசியில் போனபோது காலம் கடந்துவிட்டது. என் பேச்சை நம்பி ஒருமுறை ஏமாந்தவள், பிறகு சாகிறவரை நம்பவில்லை. அவளைக் குற்றம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்றுதான் இத்தனை வருஷமும் இருந்தேன்.

பெரியப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். போன ஆவணியில் ரோடு அகலப்படுத்த அளவெடுக்கிறோம் என்று இரண்டு பேர் டேப்போடு வந்தார்கள். அப்பா வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எண்பதை நெருங்குகிறார், காது மந்தம், ஆனால் தெளிவு. ஒருவன் பதினஞ்சு, அறுபத்தஞ்சு என்று சொல்ல, இன்னொருவன் போனை எடுத்துப் பெருக்கப் போனான்.

"தொள்ளாயிரத்து எழுபத்தஞ்சு" என்றார் அப்பா. பக்கத்து மனையை மோவாயால் காட்டி, "அது ஆயிரத்து அறுநூறு."

பையன்கள் சிரித்தார்கள், பெருசு கெட்டிக்காரர் என்று. நான் உள்ளே வந்து அடுப்பை அணைத்தேன். மத்தியானம் அவருக்குச் சோறு போடும்போது கேட்டேன்.

"அந்தக் கணக்கு உனக்கு எப்பத்திலேர்ந்து தெரியும்பா?"

"எது?"

"தொள்ளாயிரத்து எழுபத்தஞ்சு."

"அன்னிக்கே தெரியும். தளம் போடறவனுக்கு அடிக்கணக்கு தெரியாதா?"

"அப்புறம் ஏன் என்னை அளக்கச் சொன்ன?"

அவர் ஒரு கவளத்தை மென்று முடித்தார். "அண்ணங்கிட்ட எதிர்த்துப் பேசற பழக்கம் எனக்கு இல்ல. உங்கம்மா எங்க பேச்ச கேக்க மாட்டா. நீ சொன்னா கேப்பான்னு தெரியும். அதான்." பிறகு தட்டைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினார். "ரசம் ஊத்து."

ஊற்றினேன். அவள் நீ அளந்தது போதும் என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் இந்த மனிதர் எங்கே இருந்தார் என்று யோசித்தேன். அங்கேதான் இருந்தார். பீடி பற்றவைத்துக்கொண்டு, பேப்பரைப் புரட்டிக்கொண்டு, சில நேரம் லேசாகச் சிரித்துக்கொண்டு. கட்டி வந்து அவள் சுவர் பக்கம் திரும்பிப் படுத்த அன்றும் அதே அறையில்தான் இருந்தார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். என் தலையைத் தடவிய கை எனக்காகத் தடவவில்லை. பெரியப்பா செய்தது திருட்டு, அதை நான் எப்போதோ புரிந்துகொண்டு காறித் துப்பிவிட்டேன். இதைத் துப்பவும் முடியவில்லை, முழுங்கவும் முடியவில்லை.

அவரை எங்கே அனுப்புவது? போக இடமில்லை, எனக்கும் இந்தப் பதினைந்தடியை விட்டால் இடமில்லை. வேளாவேளைக்குச் சோறு போடுகிறேன். மாத்திரை எடுத்துக் கொடுக்கிறேன். வேட்டியைக்கூடத் துவைத்துப் போடுகிறேன். ஆனால் அன்றிலிருந்து அவர் சாப்பிட்ட தட்டை மட்டும் நான் தொடுவதில்லை. முதல் நாள் சாப்பிட்டு முடித்து, நான் எடுப்பேன் என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, பின்பக்கக் குழாய்க்குப் போய்த் தானே கழுவிக் கவிழ்த்தார். இப்போதும் மூன்று வேளையும் அப்படித்தான் நடக்கிறது. ஏன் என்று அவர் இதுவரை என்னைக் கேட்கவில்லை.